ழ இல்லாத பேச்சு

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, எங்கள் இயக்குநரைப் பார்த்து ஊரே சிரிக்கும்படி செய்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. நல்ல வாக்கியம் ஒன்று எழுதவேண்டும் என்ற ஆசையில் செய்தேன். அது அதைவிட மோசம்.

எங்கள் அருங்காட்சியகம் பெரியது. ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்குப் போவதற்குள் கால் கடுக்கும். என் மேசை நிர்வாகப் பகுதியின் மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஒருநாளும் திறக்காத ஜன்னலுக்கும் நடுவில் இருந்தது. நியமன உத்தரவில் 'இளநிலை உரையாசிரியர்' என்று போட்டிருந்தார்கள். அதைக் கேட்டவர்கள் நான் செய்யுளுக்கு அர்த்தம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் இயக்குநர் மேடையில் பேசவேண்டியதை எழுதுவதும், மீதி நேரத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டைகளில் பிழை திருத்துவதும்தான் வேலை. என் அக்கா சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்: "பெரியவரோட வாய்க்கு நீ கை."

அந்த முதல் பேச்சில் நான் எழுதிய வரி இது: 'பழமையின் எழிலை முழுமையாக அகழ்ந்தெடுத்து மகிழ்வோம்.' எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, கொஞ்சம் கர்வப்பட்டுக்கொண்டேன். இயக்குநர் மேடையில் அதைப் படித்தார். "பளமையின் எளிலை முளுமையாக அகள்ந்தெடுத்து மகிள்வோம்."

எவனோ ஒரு புண்ணியவான் அதைக் கைபேசியில் பிடித்துவிட்டான். சாயங்காலத்துக்குள் அது எல்லார் கையிலும் இருந்தது. பின்னணி இசை வேறு சேர்த்திருந்தார்கள்.

மறுநாள் காலை எங்கள் பிரிவுத் தலைவி என்னைக் கூப்பிட்டார். அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'சிவப்பு மை' என்று பெயர். அவர் கை படாமல் அந்தக் கட்டடத்தில் ஒரு தாளும் வெளியே போகாது.

"ஒரே வரியில அஞ்சு! எண்ணிப் பாத்தியா?"

"எதை மேடம்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் பாதி, பரிதாபம் பாதி. "உனக்கு முன்னாடி இருந்தவரு ஒண்ணும் சொல்லிட்டுப் போகலையா?"

முன்னால் இருந்தவர் பதினோரு வருஷம் எழுதி ஓய்வு பெற்றவர். அலமாரிச் சாவியைக் கொடுத்தார், கத்தரிக்கோலைக் கொடுத்தார், எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஆடும் என்றுகூடச் சொன்னார். இந்த ஒன்றைச் சொல்லவில்லை. இயக்குநருக்கு ழ வராது. அவர் பேசும் எந்தப் பேச்சிலும் ழ இருக்கக்கூடாது. அது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை; யாரும் வாய்விட்டுச் சொல்வதும் கிடையாது. இயக்குநரிடமே யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. எல்லாரும் கண்டும் காணாமல் இருந்தார்கள், அவரும் அப்படியே இருந்தார்.

"நீ தற்காலிகம்தானே?" என்றார் சிவப்பு மை. "நிரந்தரம் ஆகணும்னா என் கையெழுத்து வேணும். இன்னொரு தடவை அவரு ஃபோன்ல சுத்தினா நான் போட மாட்டேன். பாத்துக்கோ."

அன்றிலிருந்து நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினேன். முயன்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். விழாவை எடுத்துவிட்டு நிகழ்ச்சி என்று போட்டால் அதிலும் இருக்கிறது. மகிழ்ச்சி போய் சந்தோஷம் வந்தது. குழந்தைகள் பிள்ளைகள் ஆனார்கள். ஏழாயிரம் பேர் வந்தார்கள் என்று கணக்குப் பிரிவு சொன்னால், 'எட்டாயிரத்தை எட்டிப் பிடிக்கும் கூட்டம்' என்று எழுதினேன். கணக்குப் பிரிவு சண்டைக்கு வந்தது. மொழியின் பெயரைச் சொல்லக்கூட வக்கில்லாமல் 'நம் பாஷை, நம் பாஷை' என்று சுற்றி வந்தேன்.

ஒருமுறை தன்னுடன் படித்த ஒரு பேராசிரியரை இயக்குநர் மேடையில் வரவேற்க வேண்டியிருந்தது. 'பழைய நண்பர்' என்று வருகிற இடம். பழைய என்பதைப் பார்த்தவுடன் என் கை தானாகவே அருங்காட்சியகத்து வார்த்தையைப் போட்டுவிட்டது. "என் தொன்மையான நண்பர்" என்று இயக்குநர் முகம் மாறாமல் படித்தார். பேராசிரியர் மைக்கைப் பிடித்து, "என்னையும் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டிடுவீங்க போலிருக்கே" என்றார். கூட்டம் சிரித்தது, நல்லவேளை, இது வேறு மாதிரிச் சிரிப்பு. சிவப்பு மை சிரிக்கவில்லை.

இப்படியே ஐந்து மாதத்தை ஓட்டிவிட்டேன். அப்போதுதான் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது.

சிறு பிள்ளைகளுக்கென்று புதிதாக ஒரு கூடம் கட்டி முடித்திருந்தார்கள். அங்கே எதையும் தொட்டுப் பார்க்கலாம், உருட்டலாம், மண்ணைத் தோண்டி ஓட்டாஞ்சில்லு எடுக்கலாம். பானை ஓடுகளைப் படித்தே பெரிய ஆளான இயக்குநருக்கு அது வெகுநாள் ஆசை. எந்தப் பிள்ளை எங்கே குனியும் என்றுகூட யோசித்து மேசைகளின் உயரத்தை அவரே குறைத்திருந்தார். நிர்வாகக் குழு கூடி அதற்கு ஒரு பெயர் வைத்தது. 'மழலைக் கூடம்.'

அதிலும் ழ. திறந்துவைத்துப் பேசப்போகிறவர், கூடத்தின் பெயரைச் சொல்லாமல் எப்படிப் பேசுவார்? பெயர்ப்பலகை பித்தளையில் அடித்தாகிவிட்டது. மாற்றவும் முடியாது.

"பேரு அவரு வாயில வரவே கூடாது" என்றார் சிவப்பு மை. "என்ன வித்தை வேணா பண்ணிக்கோ."

வித்தையும் கிடைத்தது. இயக்குநர் பலகையைக் காட்டி, 'இந்தக் கூடத்தின் பெயர் என்ன? நீங்களே படியுங்கள் பார்ப்போம்' என்று கேட்க, முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். கச்சிதமான ஏற்பாடு. சிவப்பு மை படித்துவிட்டு, ஒரு ஒற்றெழுத்தைச் சேர்த்து, "தேறிட்ட" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் எதிர்பார்ப்பது கல்லில் நார் உரிப்பது.

அன்று சாயங்காலம் அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். எதை எழுதினாலும் முதலில் அவள்தான் கேட்பாள். அவள் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். பருப்புக் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பாவம்டி."

"யாரு?"

"அவருதான். ஆசை ஆசையாக் கட்டினது. அதோட பேரை அடுத்தவங்க சொல்லணும், இவரு பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கணும்." குக்கரை இறக்கினாள். "நான் பாக்காத நாக்கா? நூத்துல பாதி நாக்கு சொன்ன பேச்சு கேக்காது. அதுக்கெல்லாம் வெக்கப்பட்டா யாரும் வாயத் திறக்க முடியாது."

எனக்கு எரிச்சல் வந்தது. என் வேலைக்கு உலை வைக்கிற மாதிரிப் பேசுகிறாளே என்று சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அந்தக் கைபேசிப் படத்தில் சிரித்தவர்கள்மேல் இருந்த கோபமும் மறுபடி கிளம்பியது. பதினோரு வருஷமாக ஒரு மனிதரைச் சுற்றி நாங்கள் எல்லாரும் பூனை மாதிரி நடந்துகொண்டிருக்கிறோம். அதற்கு மரியாதை என்று பெயர் வேறு.

மறுநாள் அந்தக் கூடத்தின் விளக்க அட்டைகள் பிழை பார்க்க வந்தன. நுழைவாயில் அட்டையில் பெயருக்கு அர்த்தம் போட்டிருந்தார்கள். 'மழலை: சிறு பிள்ளைகளின் திருந்தாத பேச்சு.' திருந்தாத என்பதில் ந் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்தேன். சேர்த்த பிறகு மறுபடி படித்தேன். பிறகு அட்டையை அப்படியே போட்டுவிட்டு இரண்டாவது பேச்சை எழுத உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் எழுதியதில்லை.

அதைச் சிவப்பு மையிடம் காட்டவில்லை. காட்டினால் கிழித்துப் போடுவார். முதல் பேச்சுக்கு அடியில் வைத்து இயக்குநர் அறைக்கு எடுத்துப்போனேன். கதவைத் தட்டும்போதே, திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

"ரெண்டு இருக்கே?" என்றார் அவர்.

"முதல்ல இருக்கறது மேடம் பாத்தது சார். அதுல கூடத்தோட பேரைப் பிள்ளைங்க சொல்லுவாங்க."

"ரெண்டாவதுல?"

"நீங்க சொல்றீங்க."

அவர் படித்தார். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் தோன்றவில்லை. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"முன்ன இருந்தவரு பதினோரு வருசம் எளுதினாரு. ஒரு நாள்கூட இதைப் பத்தி என்கிட்ட பேசினதில்ல."

"தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க சார்."

"இருங்கம்மா, சொல்லி முடிச்சிடறேன். நாலாவது படிக்கிறப்ப ஒரு வாத்தியார். 'மளை'ன்னு சரியாச் சொல்ற வரைக்கும் உக்காரக் கூடாதுன்னுட்டாரு. மணி அடிக்கிற வரைக்கும் நின்னேன். அப்புறம் வாயே திறக்கறதில்ல. ஓட்டாஞ்சில்லு படிக்கப் போனதே அதனாலதான். அது பேசச் சொல்லாது." லேசாகச் சிரித்தார். "தொன்மையான நண்பர்! அன்னிக்கு மேடையில நான் எப்படிச் சிரிப்பை அடக்கினேன்னு எனக்குத்தான் தெரியும்."

இரண்டு தாள்களையும் ஒன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எதைப் படிக்கப் போகிறார் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

திறப்பு நாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். சிவப்பு மை என் பக்கத்தில் நின்றார். பின்னால் நாலைந்து பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துத் தயாராக இருந்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியும்.

இயக்குநர் மைக்கின் முன்னால் வந்து தாளைப் பிரித்தார். ஒரு தாள்தான்.

"இந்தக் கூடத்துக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க" என்றார். பலகையைக் காட்டக் கை தூக்குவார் என்று சிவப்பு மை காத்திருந்தார். கை தூக்கவில்லை. "மளலைக் கூடம்."

பின்வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. சிவப்பு மை என் முழங்கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"சிரிக்கலாம், தப்பில்ல. எனக்கு அந்த எளுத்து வராது. சின்ன வயசுலேருந்தே வராது. ஆனா வாசல்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் போட்டிருக்கு, பாத்துட்டு வாங்க. சிறு பிள்ளைகளோட திருந்தாத பேச்சு. அப்படின்னா, இந்த ஒரு வார்த்தையை மட்டும் தப்பாச் சொன்னாத்தான் சரி. இங்க இருக்கறவங்கள்ல இதைச் சரியாச் சொன்னது நான் ஒருத்தன்தான்."

கூடமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை "மயலை!" என்று கத்தினாள். "அதுவும் சரி" என்றார் இயக்குநர். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரி கத்த ஆரம்பித்தார்கள். கைபேசி வைத்திருந்தவர்களும் சிரித்தார்கள். என் முழங்கை விடுபட்டது.

சத்தம் அடங்கியதும் அவர் தாளை மடித்துவிட்டார். இனி வருவது நான் எழுதாதது.

"இங்க எந்தப் பொருளையும் தொடலாம். எந்தப் பேரையும் தப்பாச் சொல்லலாம். யாரும் உங்களை எந்திரிச்சு நிக்கச் சொல்ல மாட்டாங்க." தூண் பக்கம் பார்த்தார். "இன்னொண்ணு. இதை எளுதினவங்க அந்தத் தூணுக்குப் பக்கத்துல நிக்கிறாங்க. அஞ்சு மாசமா எனக்காக ஒரு எளுத்தைத் தூக்கிச் சுமந்தாங்க. போதும்மா. இனிமே இறக்கி வெச்சிடுங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

"என்கிட்ட காட்டாம வெச்ச பாரு" என்றார் சிவப்பு மை, பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு மூக்கை உறிஞ்சினார். "கையெழுத்துக்கு நாளைக்கு வா."

அடுத்த வாரம் இன்னொரு பேச்சு எழுத வேண்டியிருந்தது. சாதாரண வரவேற்புரைதான். பழக்கதோஷத்தில், 'உங்களை வரவேற்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். தாள் இயக்குநர் அறையிலிருந்து திரும்பி வந்தது. ஒரே ஒரு திருத்தம். சந்தோஷத்தை அடித்துவிட்டு, மேலே பென்சிலால் எழுதியிருந்தார்: மகிழ்ச்சி.