சிவக்குமார் போட்ட கட்டு

எடப்பாடிப் பக்கம் விசைத்தறி ஓட்டிப் பிழைத்தவள் தனப்பிரியா. அறுந்த இழையை முடிச்சுப் போடுவதில் அவள் விரல்களுக்கு இணை கிடையாது.

ஐப்பசியில் ஒரு காலை, நூல் பெட்டிகளுக்கு நடுவே வலக்கையை விட்டபோது சுருக்கென்று ஏதோ கடித்தது. உதறினாள். பெரிய சிலந்தி ஒன்று சுவரேறி ஓடியது. புறங்கை நெருப்பாய் எரிந்தது.

புருஷன் சிவக்குமார் ஓடி வந்தான். எதிலும் தான் சொன்னதே சரி என்கிற ஆள். நைலான் கயிற்றை எடுத்து அவள் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அவனோ விஷத்துக்கு மந்திரிக்கும் மாரியப்பனிடம் வண்டியை விட்டான். அங்கே நாலு பேர் முன்னால் காத்திருந்தார்கள். வேப்பிலை அடித்து முடிக்க உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. விரல்கள் கருநீலமாகியிருந்தன.

"கயித்தை அவுத்துடுங்க. கை இருக்கறதே தெரியலீங்க."

"அவுத்தா வெசம் நெஞ்சுக்கு ஏறிரும். பொறுத்துக்க."

கை மரத்த பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனான். ஆஸ்பத்திரியில் கயிற்றை வெட்டும்போது பொழுது சாய்ந்திருந்தது. டாக்டர் சௌமியா அவள் காதுபடவே சொன்னார்: கடிபட்ட இடம் வீங்கும், புண்ணாகவும் செய்யலாம், மருந்துக்கு ஆறியிருக்கும், நாள் முழுக்க ரத்தம் ஓடாததால்தான் சதை செத்துப்போனது. மூன்றாம் நாள் முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள்.

வீடு திரும்பியதும் உறவுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சிவக்குமார் ஒன்றையே சொன்னான்.

"நான் மட்டும் கட்டுப் போடலீன்னா இவ இருந்திருக்க மாட்டாளுங்க."

கேட்டவர்கள் அவனை மெச்சினார்கள். அவளைப் பெற்ற ஆத்தாயி மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தனப்பிரியாவால் அதற்குமேல் முடியவில்லை. "டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னும் சொல்லுங்க" என்றாள்.

"மயக்கத்துல என்னத்தையோ கேட்டுருக்கறா, பாவம்" என்று சிரித்தான் அவன்.

ஆத்தாயி மகளைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"எனக்கும் தெரியுங் கண்ணு. அந்தம்மா எங்கிட்டயும் சொல்லுச்சு."

"அப்பறம் ஏம்மா அழுதே?"

"நாளைக்கும் அவருகூடத்தான நீ பொழைக்கோணும்? கம்முனு இரு."

மத்தியானம் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். அவள் இடக்கையால் அள்ளிய சோறு பாதி மடியில் சிந்தியது. சிவக்குமார் தட்டை வாங்கி, அத்தனை பேரும் பார்க்க, பிசைந்து ஒரு வாய் நீட்டினான்.

தனப்பிரியா வாயைத் திறந்தாள்.