ஐந்தே முக்கால் அலாரம்

நான் செல்போன் ரிப்பேர் செய்பவன். கெடுப்பவனும் நான்தான். இரண்டாவது வேலையைக் கடை போர்டில் எழுதி வைக்கவில்லை. பெற்றோர்கள் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளையின் போனைக் கொடுத்து, "சரி பண்ண முடியாதுன்னு சொல்லிடுங்க" என்பார்கள். திரைக்குப் போகும் இணைப்பையும் ஸ்பீக்கரையும் கழற்றி விடுவேன். உள்ளே உயிர் இருக்கும், வெளியே பிணம். பிள்ளை திருந்திய பிறகு மறுபடி மாட்டிக் கொடுத்துவிடலாம். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்று கடை தள்ளி இருக்கும் மருந்துக்கடைக்காரர் தன் மகளின் போனோடு வந்தார். பதினாறு வயது. சாப்பிடும்போது கை தட்டில் இருக்கும், கண் இருக்காது. தினமும் மாலை ஐந்தே முக்காலுக்கு ஏதோ விளையாட்டில் பரிசு திறக்குமாம். அதற்கு அலாரம் வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு நாளும் தவறவிடவில்லை. போன வாரம் நடுரோட்டில் நின்று திறந்திருக்கிறாள். பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தாள்.

"ஒரே பொண்ணு தம்பி. எனக்கு வேற வழி தெரியல" என்றார். சொல்லும்போது தன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"போர்டு போச்சும்மா. எங்க கொண்டுபோனாலும் இதைத்தான் சொல்லுவாங்க."

அவள் அழவில்லை. "செத்திருந்தாலும் பரவாயில்ல, குடுங்க அங்கிள்" என்று வாங்கிக்கொண்டாள். கறுத்துக் கிடந்த திரையைக் கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே படியிறங்கினாள். நானும் அவள் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

ஒன்பதாம் நாள் மாலை இருவரும் வந்து நின்றார்கள். அவள் இளைத்துப்போயிருந்தாள். உயிர் வராதா என்று தினமும் சார்ஜ் போட்டுப் பார்க்கிறாளாம்.

"உள்ள அதிருது அங்கிள். சரியா அஞ்சே முக்காலுக்கு. நான் வெச்ச அலாரம்தான் அது."

போனை அதிர வைக்கும் அந்தக் குட்டி மோட்டாரைக் கழற்ற மறந்திருந்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்து நாலு. அவள் போனைக் கண்ணாடி மேஜைமேல் வைக்கப் போனாள். அங்கே அதிர்ந்தால் அடுத்த கடைக்கே கேட்கும். "குடும்மா, பாக்கறேன்" என்று முந்திக்கொண்டு வாங்கி, இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டேன்.

அதிர்ந்தது. முழுதாக ஒரு நிமிஷம், பிடிபட்ட எலிக்குஞ்சு மாதிரி என் கைக்குள் துடித்தது. அவள் கண்கொட்டாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணுமில்லையேம்மா" என்றேன்.

"பாத்தியா?" என்றார் அப்பா.

"இது பிரமை சார். ஸ்கூல்ல விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாங்களே, அதுல டாக்டரம்மா சொன்னாங்க. சதா போனும் கையுமா இருக்கறவங்களுக்கு, அதிராதபோதே அதிர்ற மாதிரி தோணுமாம்."

டாக்டரம்மா சொன்னது உண்மைதான். நான்தான் அதைப் பொய்க்குப் பயன்படுத்தினேன்.

அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "எனக்கு நல்லாத் தெரிஞ்சுதே" என்று முணுமுணுத்தாள். அதை எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. ஆனால் சொன்னால் அவள் அப்பாவின் குட்டு உடையும், என் பிழைப்பு சந்தி சிரிக்கும். போன் கையிலிருந்தால் பிரமை கூடும் என்று அவர் அதை என்னிடமே விட்டுவிட்டு, மகளை நேராக டாக்டரிடம் கூட்டிப்போனார். அடுத்த மூன்று நாளும் மாலையில் என் இழுப்பறைக்குள் அது அதிர்ந்தது. நான்காம் நாள் சார்ஜ் தீர்ந்து அடங்கியது.

நாலு மாதம் கழித்து மருந்துக்கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"தங்கமா மாறிட்டா தம்பி. மாத்திரையை வேளா வேளைக்குச் சாப்பிடறா. பரீட்சைல நல்ல மார்க்கு. இப்பல்லாம் காலிங் பெல் அடிச்சாக்கூட, 'அடிச்சுதாப்பா'ன்னு எங்களைக் கேட்டுட்டுத்தான் எழுந்துபோய்த் திறக்கறா. அவ்ளோ அடக்கம். போனை மாட்டிக் குடுத்துடுங்க, எப்படியோ உயிர் வந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

மாட்டி, சார்ஜ் ஏற்றி வைத்தேன். மாலையில் மகளை அழைத்து வந்தார். அவள் இரண்டு கையிலும் ஏந்தி வாங்கிக்கொண்டாள். கட்டைவிரல் அசையவில்லை.

மணி ஐந்தே முக்கால் ஆனது. திரை ஒளிர்ந்தது. போன் அவள் கையில் அதிர்ந்தது, கூடவே அலாரமும் வீறிட்டது. தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் மட்டும் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"அப்பா, இது அடிக்குதா?"

"அடிக்குதும்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். அதே கண்கள், அன்றைக்குப் போலவே கொட்டாமல்.

"நிஜமாவா அங்கிள்?"

"நிஜம்தாம்மா" என்றேன். அதன் பிறகுதான் அவள் அலாரத்தை அணைத்தாள். "தேங்க்ஸ் அங்கிள்" என்று வேறு சொன்னாள்.

மறுநாள் ஒரு டீச்சரம்மா தன் மகனின் போனோடு வந்து, மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். போனைத் திறந்ததும் முதல் வேலையாக மோட்டாரைக் கழற்றினேன்.