கழுவிய கண்ணாடிகள்

சீனி முகம்மதுவின் கடையில் அரிசி வாங்கப் போன இடத்தில்தான் பூரணம் அதைக் கேட்டாள்.

"கெரகணத்த வெறுங்கண்ணால பாத்தா கண்ணு அவிஞ்சிரும். கண்ணாடிய வெளக்குப் புகையில காட்டி, கரி புடிச்சப்பறம் அது வழியாப் பாக்கணும்," என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீ பாக்கவே வேணாம். வீட்டுல போயி அடைஞ்சு கெட," என்றார் இன்னொருவர். கடையில் சிரித்தார்கள்.

பூரணம் பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"தங்கச்சி, அரிசி?" என்று கூப்பிட்டார் சீனி முகம்மது. "வெரசா வாங்கிட்டுப் போயிரு. கிரகணத் தொழுகைக்குக் கடையச் சாத்திருவேன்."

அது அவள் காதில் விழவில்லை. கடைக்குப் பின்னால்தான், கணவர் போனபின் அவள் குடியிருந்த அறை. பெட்டிக்கு அடியிலிருந்து பிஸ்கோத்துத் தகரத்தை இழுத்துத் திறந்தாள். கண்ணாடித் துண்டுகள் பளிச்சென்று இருந்தன. அவள்தான் கழுவியிருந்தாள்.

அவள் கணவர் குமாரசிங்கம் கோலசிலாங்கூர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தார். ஊரில் சயன்ஸ் மாஸ்டர் என்றால்தான் தெரியும். போன ஐப்பசியில் காய்ச்சலில் இறந்தார். சாவுத் துடக்குக் கழிந்த அன்று பூரணம் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் கழுவினாள். பாய், பாத்திரம், அவருடைய மேசை, மேசைமேல் இருந்த போத்தல்கள். தகரத்தில் கரி படிந்த கண்ணாடிகள் கிடந்தன. அழுக்கு என்று நினைத்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பழையபடி அடுக்கினாள். கிரகணம் பார்க்கக் கண்ணாடி வைத்திருப்பதாக அவர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. கண்ணைக் காப்பது அந்தக் கரிதான் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவர் எதைக் காட்டினாலும் அவள் போய்ப் பார்த்ததில்லை. சனிக்கிழமைகளில் பையன்கள் வருவார்கள். தோட்டத்துப் பையன்கள், கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பையன்கள், கடைக்காரர் வீட்டுப் பையன்கள். அவளுடைய ஊறுகாய்ச் சாடியில் அட்டை வளரும். அவள் சோற்றுப் பானையில் தவளை இருக்கக் கண்டு ஒருமுறை கத்திவிட்டாள். அவித்த முட்டை போத்தலுக்குள் தானாக இறங்கும்போது பையன்கள் கூச்சல் போடுவார்கள். அவள் அவர்களுக்குப் பிட்டு அவித்துக்கொண்டிருப்பாள்.

"இஞ்சேரும், வந்து பாரும்," என்பார் அவர்.

"அடுப்பில கறி கிடக்கு."

"கறி ஓடாது."

"முட்டையும் ஓடாது. பிறகு பாக்கிறன்."

இந்தக் கிரகணத்துக்கு மட்டும் வருவதாகச் சொல்லியிருந்தாள். ஆண்டுக்கணக்காக அவர் அதைப் பற்றியே பேசினார். படிப்பு முடிந்து போகும் ஒவ்வொரு பையனிடமும் சொல்லி அனுப்பினார். எங்கே வேலை செய்தாலும் அன்றைக்கு வீட்டுக்கு வரவேண்டும். ஆளுக்கொரு கண்ணாடி. எல்லோரும் கலங்கரை விளக்கக் குன்றில் ஏறவேண்டும். "நீரும்தான்," என்றார் அவளிடம். "சரி," என்றாள்.

அவர் போன பிறகு அவளுடைய தமையன் வீரசிங்கம் அவளை யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏற்றிவிடச் சிரம்பானிலிருந்து வந்தார். கிரகணம் முடியட்டும் என்றாள் பூரணம். அண்ணருக்கு விளங்கவில்லை. கிரகணத்தில் உனக்கு என்ன வேலை என்றார். பெடியங்கள் வருவினம் என்றாள்.

இன்று அந்த நாள். கண்ணாடிகள் சுத்தமாக இருந்தன.

அறைக்கு வெளியே கொய்யாமரத்தடியில் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. தெருவில் நடமாட்டம் குறைந்தது. கடைப் பலகைகளைச் சாத்தும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் சன்னல்களை அடைத்தார்கள். யாரும் வரவில்லை.

பிறகு சைக்கிள் மணி கேட்டது.

நாராயணசாமி. புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் மருந்து கட்டும் டிரெசராக இருந்தான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். தோட்ட ஆஸ்பத்திரி வேலைக்கு அவனைத் தயார்படுத்தியது மாஸ்டர்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அம்மா," என்றான். "வேற யாரும் வரலியா?"

"நீர்தான் முதல், தம்பி."

அவன் சைக்கிளைச் சுவரில் சாத்தினான். "சிவானந்தத்த பத்தாங் காலியில பாத்தேன். தொரை லீவு குடுக்கல. சலாவுதீன் பினாங்குல. மத்தவங்கள..." நிறுத்தினான். "எங்க தோட்டத்துல வேலையே இல்லைலா. அத்தனை பேரும் லயத்துக் கதவச் சாத்திட்டு உள்ள கெடக்கிறாங்க. அதான் நான் வர முடிஞ்சுச்சு."

அவள் தகரத்தைத் திறந்து காட்டினாள்.

அவன் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"துடக்குக் கழிய எல்லாத்தையும் கழுவினனான்," என்றாள். "நல்லாத் தேச்சனான்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். "மாஸ்டர் இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. வெளக்கு இருக்காம்மா?"

"கிரகண நேரத்தில நெருப்பு மூட்டக்கூடாது."

"இன்னும் புடிக்கல. புடிக்கப் போவுது."

அவள் எழுந்துபோய் விளக்கைக் கொண்டுவந்தாள். தானே ஏற்றினாள். அவன் சிம்னியைக் கழற்றித் திரியைத் தூண்டினான். கண்ணாடியைச் சுடருக்கு மேலே பிடித்து மெதுவாக அசைத்தான். புகை அதில் பழுப்பாக ஏறிப் பிறகு கறுத்தது.

"சுடர்ல படக்கூடாது. பட்டா வெடிச்சிரும்." மாஸ்டர் எழுதுகோலைப் பிடிக்கும் மாதிரியே கண்ணாடியை இரண்டு விரல்களில் பிடித்திருந்தான். "ஒரே எடத்துல நிக்கக்கூடாது."

ஒன்றை முடித்து அவளிடம் தந்தான். விளக்கை ஊதி அணைத்தான்.

"உமக்கு?"

"எனக்கு வேணாம்மா."

"ஏன்?"

அவன் தரையைப் பார்த்தான். "வீட்டுல மாசமா இருக்கு. போன புள்ள தங்கல. நான் கெரகணத்த ஏறிட்டுப் பாக்கமாட்டேன்னு எங்கம்மா தலையில அடிச்சு சத்தியம் வாங்கிருச்சு."

"நீர் டிரெசர்."

"ஆமாம்மா."

"மாஸ்டரிட்டப் படிச்சனீர்."

"எனக்குத் தெரியும்மா, ஒண்ணும் ஆவாதுன்னு. நாளைக்கு ஏதாவது ஆயிட்டா, நான் பாக்கலைன்னு அவளுக்குத் தெரியணுமே." பிறகு சொன்னான்: "வராம இருக்க முடியலை. நீங்க பாருங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

"குன்றுக்குப் போக வேண்டாமா?"

"ரெண்டு பேருக்கு எதுக்கும்மா குன்று?"

அவன் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றான். அவள் மரநிழலை விட்டு வெளியே வந்து கண்ணாடியைக் கண்ணருகே பிடித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சிறிய சிவந்த வட்டம் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு கடி.

"என்னம்மா தெரியுது?"

"கடிச்ச மாதிரி."

"எந்தப் பக்கம்?"

சொன்னாள். கடி பெரிதானது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெயில் வெளிறியது. காகங்கள் மரத்துக்குத் திரும்பின. பள்ளிவாசல் பக்கம் தொழுகையின் ஒலி கேட்டது. கோடாக மெலிந்துகொண்டே போன சூரியன் கடைசியில் நகத்துண்டு போல ஆனது. அவளுக்குக் கழுத்து வலித்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு மரத்தடிக்கு வந்தாள்.

"முழுசா மூடேல்லை," என்றாள். "கொஞ்சம் மிச்சம் நிக்குது."

"இங்க அவ்வளவுதாம்மா. வடக்கே கெடாப் பக்கம்தான் முழுசா மூடும்னு மாஸ்டர் அப்பவே சொன்னாரு."

அவன் அவள் சேலையைப் பார்த்தான்.

"அம்மா, அசையாம நில்லுங்க."

அவள் குனிந்து பார்த்தாள். கைம்பெண்ணின் வெள்ளைச் சேலை. அதன்மேல் கொய்யா இலைகளுக்கிடையே விழுந்த வெளிச்சம் எல்லாம், கண்ணாடியில் கண்ட சூரியனைப் போலவே, பிறையாக இருந்தது. தோளில், மடியில், முந்தானையில், சிறிதும் பெரிதுமாக. எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்தன. காற்று வந்தபோது எல்லாம் சேர்ந்து அசைந்தன.

நாராயணசாமி குந்தி உட்கார்ந்தான். ஒரு பிறையின்மேல் விரலை வைக்கப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

"மேல பாக்கலை," என்றான். "சத்தியம் சத்தியமாத்தான் இருக்கு."

அவன் குரல் மாறியிருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அசையாமல் நின்றாள். கால் மரத்துப்போகும்வரை நின்றாள். பிறைகள் தடித்தன.

வெயில் திரும்பியதும் அவன் சைக்கிளை எடுத்தான்.

"அவ பயந்துகிட்டு கெடப்பா. போறேம்மா."

"பிட்டு அவிச்சுத் தந்திருப்பன். கிரகணம் விடமுந்திச் சமைக்கேலாது."

"பரவால்லம்மா." மிதிகட்டையில் கால் வைத்தவன் திரும்பினான். "அடுத்தது எப்ப வரும்? மாஸ்டர் ஏதாவது சொன்னாரா?"

பூரணம் யோசித்தாள்.

"இல்லைத் தம்பி. இதைப் பற்றி மட்டும்தான் சொன்னவர்."

அவன் தலையசைத்துவிட்டுப் போனான். மணிச் சத்தம் ஆற்றங்கரைச் சாலை வரை கேட்டது.

பக்கத்து வீட்டில் சன்னல் திறந்தது. கிணற்றடியில் வாளி விழுந்தது. கிரகணம் விட்டால் எல்லோரும் தலைமுழுகுவார்கள். பழைய தண்ணீரை ஒவ்வொரு வீடாக வெளியே கொட்டும் சத்தம் தெரு நீளத்துக்குக் கேட்டது.

அவளும் முழுக வேண்டும். மரத்தடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் தகரம் திறந்து கிடந்தது. யாரும் எடுக்காத கண்ணாடிகளில் வானம் தெரிந்தது. விரல்களில் கரி இருந்தது. மடியில் பிறைகள் எல்லாம் சேர்ந்து வட்டமாகிக்கொண்டிருந்தன.

"பாத்திட்டன்," என்றாள்.

முற்றத்தில் யாரும் இல்லை.