கொம்பறைச் சுவரின் சூடு

சிறுபோக அறுப்பில் மழை பிடித்துவிட்டது. அரைகுறையாகக் காய்ந்த விதைநெல்லைக் கொம்பறை என்னும் மண் குதிரில் கொட்டி, அந்துப்பூச்சி புகாமல் வாயை மண்ணால் அடைத்த நாளிலிருந்து இரஞ்சிதத்துக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. உள்ளே நெல் புழுங்கினால் முளை செத்துவிடும். அடுத்து வரும் காலபோகத்துக்கு விதைக்க வேறு நெல் இல்லை. திறந்து பார்த்தாலோ அந்து புகுந்துவிடும்.

அக்கராயன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த அவள் கணவர் தில்லைநாதன், திறக்காமலே அறிய ஒரு வழி கண்டார். கொம்பறையின் மண்சுவரில், வெயில் படாத பக்கம், சிறு தகடொன்றை ஒட்டி, அதிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்து ஒரு பெட்டியில் பூட்டினார். சுவர் வழியே சூடு வெளியேறும் அளவுக்குப் பெட்டியின் முள் நகரும். சுவரின் தடிப்பையும் மண்ணின் தன்மையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் உள்ளே எவ்வளவு சூடு என்று தெரியும்.

ஒரு கிழமையாக முள் அடங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை பாய்ந்து ஏறியது.

"இரஞ்சிதம், நெல் வேகுது! உடைப்பம்."

"வெள்ளிக்கிழமையிலை விதைநெல்லை வெளியிலை எடுக்கிறதோ? இலட்சுமியை வாசலாலை அனுப்பிற மாதிரி."

"இலட்சுமி உள்ளுக்கை அவிஞ்சால் பரவாயில்லையோ?"

அவர் தகட்டைத் தொட்டார். விரலில் ஈரச் சாணம்.

"இதையும் மெழுகிப்போட்டீரோ?"

"ஓம். சுவர் முழுக்க மெழுகிப்போட்டு இந்தத் துண்டை மட்டும் விட்டால் ஆக்கள் சிரிக்கமாட்டினமே?"

சிரித்தது தில்லைநாதன்தான். ஈரம் காயும்போது சுவரிலிருந்து சூட்டை இழுக்கும். முள் காட்டியது அதைத்தான். அவருடைய கணக்கில் சாணத்துக்கு இடம் இருக்கவில்லை.

பின்னேரம் சாணம் காய்ந்தது. முள் பழைய இடத்துக்கு இறங்கி நின்றது. இரஞ்சிதத்துக்கு மூச்சு வந்தது. அவர் மட்டும் பெட்டியை விட்டு எழும்பவில்லை.

"இன்னும் கீழை போகவேணும். காய்ஞ்ச சாணம் போர்வை மாதிரி. போர்வைக்கு மேலாலையும் பழைய அளவு சூடு வருதெண்டால், உள்ளுக்கை கூடியிருக்கு."

"காலமையும் இப்பிடித்தான் சொன்னீங்கள்."

"ஓம், காலமை பிழை விட்டனான். இப்ப சரியெண்டுதான் நினைக்கிறன். நீர் சொல்லும்."

அவள் கொம்பறையிலிருந்து முற்றத்துக்குக் கண்ணைத் திருப்பினாள்.

"வளவைத் தாண்டினால்தானே வீட்டை விட்டுப் போனதாகும்? முத்தமும் எங்கடைதானே."

கற்பூரம் கொளுத்திவிட்டு, அடைத்த மண்ணை அவளே கத்தியால் உடைத்தாள். முழங்கை வரை கையை உள்ளே விட்டாள்.

"இஞ்சேருங்கோ, சுடுது."

முற்றமெங்கும் பாய்களை விரித்து இருவரும் நெல்லைக் கொட்டிக் காலால் துழாவினார்கள். ஒரு பிடியை அவள் ஈரத்துணியில் முடிந்து வைத்தாள்.

மூன்றாம் நாள் முடிச்சை அவிழ்த்தபோது பெரும்பாலானவை வெள்ளை முளை விட்டிருந்தன. சில பேசாமல் கிடந்தன. அவற்றை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"இந்தமுறை கொஞ்சம் நெருக்கி விதைப்பம்," என்றாள்.