மூன்றாவது அறிவிப்பு

ஜொகூர் மாநிலத்துக் கெலாங் பாத்தாவில், சுகுமாறனின் கார் பட்டறைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த விளம்பர வேனின் ஒலிபெருக்கி, பேட்டரியோ ஒயரோ இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேசத் தொடங்கியது. குரல், இறந்து பல வருஷமான விளம்பரக்காரர் செல்லப்பனுடையது. “அன்பார்ந்த தோட்டத்துப் பெருமக்களே! பாடகர் திலகம் கில்பர்ட்டுக்கும் நாட்டிய நங்கை ஐலீனுக்கும் திருமணம்! இது முதல் அறிவிப்பு! தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்!” டயர் கழற்றிக்கொண்டிருந்த சுகுமாறன், கழற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

எழுபதுகளில் அந்த வேன் ஜொகூர்த் தோட்டங்களெல்லாம் சுற்றியது. கலைக்குழுவில் கில்பர்ட் பாடுவார், ஐலீன் ஆடுவார், வாலண்டைன் அக்கார்டியன் வாசிப்பார். அழகான பாடகருக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று பேச்சு கிளம்பியபோது செல்லப்பன் இந்தக் கல்யாணத்தைக் கண்டுபிடித்தார். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்பதைப் போல மூன்று அறிவிப்பு என்று வைத்துக்கொண்டு, எப்போதும் இரண்டோடு நிறுத்திவிடுவார். கூட்டம் குறைந்தால் கல்யாணம் நெருங்கும். கூட்டம் சேர்ந்தால் தள்ளிப்போகும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் வாலண்டைன் கொஞ்சம் வெளிறுவார், அவர் வழியாக மேடைத் திரை தெரியும். அடுத்த ஊர் போவதற்குள் சரியாகிவிடும். குழு கலைந்தபின் கில்பர்ட்டும் வாலண்டைனும் கெலாங் பாத்தாவில் ஒரே வீட்டில் வயதானார்கள். கேட்டவர்களிடம் அண்ணன் தம்பி முறை என்றார்கள். ஐலீன் பெர்மாஸ் ஜெயாவில் கணவர், பேரப்பிள்ளைகளோடு இருந்தார்.

இப்போது நிறுத்துவதற்குச் செல்லப்பன் இல்லை. இரண்டாம் ஞாயிறு அறிவிப்பு முடிந்தபோது வாலண்டைன் வழியாகச் சுவர்க்கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது. “மூணாவதும் சொன்னா நான் போயிடுவேன் போல,” என்றார், மழை வரும் போல என்பது மாதிரி. கில்பர்ட் போய் ஒலிபெருக்கியைச் சாக்குப் போட்டுக் கட்டினார். சாக்குக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

மூன்றாம் ஞாயிறு ஐலீன் காரில் வந்து இறங்கினார். “நான் பாத்துக்குறேன் லா,” என்று வேனைப் பார்த்துக் கத்தினார். “செல்லப்பண்ணே! எனக்குப் புருஷன் இருக்காரு, பேரப்பிள்ளைங்க இருக்கு. இது தடையா இல்லையா?”

“வணக்கம் தங்கச்சி,” என்றது ஒலிபெருக்கி. “அதெல்லாம் விளம்பரத்துக்கு அப்புறம் நடந்தது. முந்தின தடை வேணும்.”

“செத்தும் சட்டம் பேசுறாரு பாருங்க!”

பூசை முடிந்து சனமெல்லாம் எதிர்க் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தது. கில்பர்ட் பக்கத்தில் நின்ற வாலண்டைனில் மூக்குக்கண்ணாடியும் சட்டைக் காலரும்தான் மிச்சம். “வேணாம் கில்பர்ட்,” என்றது காலர். “ஊரே பாக்குது.”

கில்பர்ட் பாடப்போவதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தடை இருக்கு. நீங்க மொத வாட்டி அறிவிக்கிறதுக்கு முந்தியே நானும் வாலண்டைனும் சேந்து வாழ ஆரம்பிச்சிட்டோம். அவரு எனக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. எனக்கு எல்லாம் அவருதான்.”

ஒலிபெருக்கி சற்றுக் கரகரத்தது. “அன்பார்ந்த பெருமக்களே, ஒரு திருத்தம். முன்பு அறிவித்த திருமணம் ரத்து. சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

வாலண்டைனுக்குக் காலணியிலிருந்து மேலாக நிறம் ஏறியது. ஐலீன் அவர் கையைக் கிள்ளிப் பார்த்து, “அலமாக், சதை இருக்கு!” என்றார்.

அதன்பின் சிலர் கோயிலில் இடம் மாறி உட்கார்ந்தார்கள். சிலர், எங்களுக்கு எப்போதோ தெரியும், எங்களைக் கேட்டிருக்கலாமே என்று கோபித்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கி இன்னும் ஞாயிறுதோறும் பிறந்தநாள்களும் காணாமல்போன பூனைகளும் அறிவிக்கிறது. பள்ளிவாசலில் பாங்கு கேட்டால் நிறுத்திக்கொள்கிறது. சில மாதம் கழித்து ஐலீனின் பேத்தி மெலிசாவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையில் ‘கில்பர்ட் – வாலண்டைன் குடும்பத்தினர்’ என்றிருந்தது. வீட்டில் விசேஷத்துக்குப் போடும் நல்ல பாத்திக் சட்டை ஒன்றுதான். அதை யார் போடுவது என்று கல்யாணத்தன்று காலை வரை சண்டை நடந்தது.