சிவப்பு அட்டை

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு வந்துவிட்டது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலச் சட்டம்தான் போன பாடில்லை. ஆபீஸ் கிராணி கலியாணசுந்தரத்துக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது, ஒரு தமிழ் நாவலைத் தவிர. புத்தகங்களைத் தடைசெய்யும் தேசத்தின் கதை. அதையும் இங்கே தடைசெய்துவிட்டார்கள், கேட்பானேன்! முருகன் படக் காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தார். தடைப் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று மட்டும் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அந்தத் தேசத்தில் அதிகாரிகள் வருமுன்பே சனங்கள் தாங்களாகவே புத்தகங்களைக் கொளுத்துகிறார்கள். ‘மடையர்கள்’ என்று திட்டிக்கொண்டே படித்தார்.

ஒரு மாலை அவர் காஜா பெராங் பகுதியிலிருந்த வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி சந்திரமதி கையெல்லாம் கரியாக நின்றாள். அவள் தலைமுறைகளாகத் தமிழை மறந்து மலாய் பேசும் சிட்டிச் சமூகத்துப் பெண். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது; புருஷனோடும் மலாய்தான், ‘பாங்’ என்றுதான் கூப்பிடுவாள்.

“போலீஸ் பக்கத்துல தெங்கேரா வரைக்கும் வந்துட்டாங்களாம், பாங். அந்தச் சிவப்பு பூக்குவ, தடைப் புத்தகத்த, எரிச்சுட்டேன். அப்பா பூக்குவுக்கு முருகன் அட்டை போட்டீங்களே, அத சாமிகிட்ட வெச்சிருக்கேன்.”

அவர் அடுப்படிக்கு ஓடினார். அடுப்பில் சாம்பலாகிக் கிடந்தது அவள் அப்பா நல்லையா விட்டுப்போன தேவாரம். நைந்த அட்டையை மாற்ற கலியாணசுந்தரம்தான் தெங்கேராவில் புத்தகம் கட்டும் சீனரிடம் கொடுத்திருந்தார். சீனர் மங்கலமாக இருக்கட்டும் என்று சிவப்புத் துணியில் கட்டித் தந்துவிட்டார். நேற்றுக் கொண்டுவந்ததை அவளிடம் காட்ட மறந்து தொலைத்தார்.

சாமி மேடையில் மல்லிகைச் சரத்தோடு நாவல் இருந்தது.

“நாளைக்குப் பார்ச்சு. அப்பாவுக்கு நல்லாப் பாடணும் நீங்க,” என்றாள்.

அப்பாவின் புத்தகத்தைத் தன் கையாலேயே கொளுத்திவிட்டாள் என்று தெரிந்தால் இவள் தாங்கமாட்டாள். புருஷனைக் காப்பாற்றத்தானே செய்தாள்? “பாடுறேன்,” என்றார்.

மறுநாள் பார்ச்சில், இறந்தவர்களுக்கு வாழையிலையில் படையல் போட்டு உறவினர் கூடினார்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. வருஷாவருஷம் மருமகன் புத்தகத்தைப் பார்த்து நீளப் பாடுவது வழக்கம். அவருக்கு மனப்பாடம் இரண்டே பாட்டு. பாடி நிறுத்தினார்.

“லாகி, பாங். இன்னும் பாடுங்க.”

வேறு வழியில்லாமல் புத்தகத்தைத் திறந்தார். ஒருத்தி தன் வீட்டுப் புத்தகங்களை அடுப்பில் வைக்கும் பக்கம் விரிந்தது. அதையே தேவார ராகத்தில் இழுத்துப் பாடினார். எல்லோரும் கைகூப்பினார்கள்.

சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்பாவே வந்து கேட்ட மாதிரி இருந்துச்சு. அடுத்த வருஷமும் இதையே பாடுங்க, பாங்.”