இரண்டு பக்கமும் கேட்கும் ஸ்பீக்கர்

கிறிஸ்துராஜின் ரேடியோவைக் கறையான் தின்றுவிட்டது. தின்றது பெட்டியை மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டலாமென்று தூக்கினார். மேல்பலகை கையோடு வந்தது, பக்கப் பலகைகள் மாவாக உதிர்ந்தன. உள்ளே இருந்த வால்வுகளுக்கும் பேட்டரிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்பீக்கர் மட்டும் ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் ஒயரில் தொங்கியது.

அது நாற்பத்தாறாம் வருஷம். யுத்தம் முடிந்துவிட்டது. ஆவடி ராணுவக் கிடங்கில் கிறிஸ்துராஜுக்குக் கணக்கு எழுதும் வேலை இன்னும் மிச்சமிருந்தது. பெரம்பூரில் குடியிருந்தவர், மனைவி தெரசா போன பிறகு அந்த வீட்டில் இருக்க முடியாமல் அம்பத்தூருக்கு வந்துவிட்டார். குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது தெரசாவை வேலூரில் அவள் அம்மா வீட்டுக்கு அவர்தான் ரயிலேற்றி அனுப்பினார். பட்டணத்தில் எல்லோரும் பயந்தது குண்டுக்கு. தெரசாவைக் கொண்டுபோனது டைபாய்டு. தந்தி கிடைத்து இவர் போய்ச் சேர்ந்தபோது அடக்கமே முடிந்திருந்தது.

அம்பத்தூரில் தசரதன் என்ற குடியானவர் தன் பழைய வீட்டை இரண்டாகத் தடுத்து, தெருப்பக்கத்தை இவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். காலையில் ரயில், சாயங்காலம் ரயில். வந்ததும் ஒரு குண்டான் சோறு வடித்துவிட்டு ரேடியோவைத் திருப்புவார். இந்த வீட்டில் இவரைத் தவிரக் கேட்கிற ஒரே குரல் அதுதான். அதனால் பெட்டி போனது அவருக்கு லேசான விஷயமாக இல்லை.

ஸ்பீக்கரை மேஜைமேல் மல்லாத்தி வைத்துப் பாட்டு போட்டார். கொசு பாடுவதுபோல் வந்தது. வயலின் இருந்தது, மிருதங்கத்தைக் காணோம். டீப்பெட்டிப் பலகை ஒன்றில் வட்டமாக ஓட்டை போட்டு ஸ்பீக்கரைத் திருகி நிறுத்தினார். குரலுக்குக் கொஞ்சம் தொண்டை வந்தது. சரிதான் என்று அதைவிட அகலமான மாம்பலகை ஒன்றில் மாற்றினார். மிருதங்கத்தின் வலந்தலை கேட்டது. கனத்து ஒலிக்கும் இடந்தலை மட்டும் இன்னும் வரவில்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளுகிற காற்று, பலகையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்க் கலந்துவிடுகிறது என்று அவருக்குப் பிடிபட்டது. பலகை பெரிதாகப் பெரிதாக அந்தக் காற்று சுற்றிவரும் வழி நீளும். கனத்த சத்தம் தங்கும்.

அவ்வளவு பெரிய பலகைக்கு எங்கே போவது? கண்ணெதிரே இருந்தது, இரண்டு பாகத்துக்கும் நடுவே எப்போதும் மூடிக் கிடந்த கதவு.

தசரதனிடம் கேட்டார். "அண்ணாத்தே, அந்தக் கதவுல ஒரு ஓட்டை போட்டுக்கலாமா? காலி பண்ணும்போது அடைச்சிக் குடுத்துடறேன்."

"போட்டுக்க சாரு. அத்த யாரு தொறக்கப் போறாங்க? அந்தாண்ட இன்னா கீது, கடலை மூட்டையும் தட்டுமுட்டு சாமானும்தான்."

உளியும் சிறு ரம்பமும் வைத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்க அறுத்தார். கதவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அதிராமலிருக்க, பழைய செருப்புத் தோலை வளையமாக வெட்டி வைத்துத் திருகினார். சாயங்காலம் கச்சேரி ஆரம்பித்தது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் இடந்தலை "தொம்" என்று விழுந்தபோது, அந்த அறையின் காற்றே ஒருமுறை மூச்சு விட்டதுபோல் இருந்தது. கிறிஸ்துராஜ் தன்னையறியாமல் தொடையில் தட்டினார்.

"ரேடியோக்காரரே!"

குரல் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பெண்குரல். கிறிஸ்துராஜ் ரேடியோவை அணைத்துவிட்டார்.

"ஐயோ, நிறுத்தாதீங்க. தாப்பாள் அதிருது, அத்தச் சொல்லத்தான் கூப்ட்டேன். ஒவ்வொரு அடிக்கும் கிர்ருனு ஒரு சத்தம். உங்களுக்குக் கேக்கல?"

அவருக்குக் கேட்கவில்லை. "யாருங்க அது?"

"கெங்கம்மா. தசரதனுக்கு அக்கா."

வரப்பில் விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து அவள் அந்த அறையில்தான் கட்டிலோடு கிடக்கிறாள். புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். தம்பியும் பெண்டாட்டியும் விடிந்தால் கழனிக்குப் போய்விடுவார்கள். கஞ்சி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தசரதன் மோசமானவர் இல்லை. அக்காவுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறவர்தான். ஆனால் அந்தாண்ட இருப்பதைச் சொல்லும்போது அவருக்கு மூட்டைகள் ஞாபகம் வந்தன, அவள் வரவில்லை. இதைக் கிறிஸ்துராஜ் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி நாளா நீங்க அங்க இருக்கறதே எனக்குத் தெரியாதும்மா."

"நீங்க கீறது எனக்குத் தெரியும். பெட்டியில இருந்தப்ப பாட்டு எங்கியோ கெணத்துல கேக்கற மாதிரி கேக்கும். இப்பதான் ஊட்டுக்குள்ளயே வந்துகீது. ஆனா பாடறவரு இந்தப் பக்கம் முதுகக் காட்டிகினு பாடறாரு."

மறுநாள் அவர் தாழ்ப்பாளைச் சுற்றித் துணி அடைத்தார். "இப்போ?" "இப்ப தாப்பாள் இல்ல, கீல். மேல் கீல்." எண்ணெய் விட்டு மரச்சிம்பு ஒன்றைச் செருகினார். "இப்போ?" "ம், அடங்கிடுச்சி." கதவின் கீழ் இடுக்கில் சாக்கைத் திணித்தபோது அவளே கூவினாள்: "அப்படியே வுடுங்க! தம்பூரா வந்துடுச்சி!" முன்பக்கம் உட்கார்ந்து தான் ஒருவராகக் கேட்டிருந்தால் இதையெல்லாம் ஒரு வருஷமானாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

அப்புறம் அவர் ஸ்பீக்கரைக் கழற்றித் திருப்பிப் பொருத்தினார். ஒரு வாரம் பாடகர் இவரைப் பார்த்துப் பாடினார், மறு வாரம் அவளைப் பார்த்து. ஒலிபரப்பு முடிந்த பிறகு கதவோரம் கொஞ்சம் பேச்சும் நடந்தது. தெரசா ரயிலேறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் குடையைக் கேட்டாள், கொடுக்க மறந்துவிட்டேன் என்று ஒருநாள் சொன்னார். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. கெங்கம்மாள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அது இன்னா கலரு குடை?" என்று மட்டும் கேட்டாள். "கறுப்புதான்" என்றார். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

தை மாதம் அறுப்பு வந்தது. அந்த வருஷம் நல்ல விளைச்சல். நெல்லுக்கு இடம் வேண்டியிருந்ததால் அக்காவைக் கொஞ்ச நாள் நெமிலிச்சேரியில் தங்கை வடிவு வீட்டில் விடுவதென்று தசரதன் முடிவு செய்தார். கிறிஸ்துராஜ் வேலையிலிருந்து திரும்பி வரும்போது வாசலில் மாட்டுவண்டி நின்றது. வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தியிருந்தார்கள். அன்றைக்குத்தான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நரைத்த தலை, கூரான மூக்கு. குரலை வைத்து அவர் நினைத்திருந்த முகம் வேறு.

அவளும் அவரைப் பார்த்தாள். சுற்றிலும் ஆட்கள். "வரேங்க" என்றாள். "சரிங்கம்மா" என்றார். வண்டி நகர்ந்துவிட்டது.

அந்த அறையில் நெல் மூட்டைகள் கதவு உயரத்துக்கு அடுக்கப்பட்டன. பாட்டு தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. ஆனால் கிறிஸ்துராஜுக்கு அதைச் சரிசெய்யத் தோன்றவில்லை. பாட்டு நடுவே "இப்போ?" என்று கேட்க வாயெடுப்பார், அடக்கிக்கொள்வார். கொஞ்ச நாள் என்று போனவள் மாசி போயும் வரவில்லை. தசரதனைக் கேட்டதற்கு, "அங்கியே இருக்கட்டும் சாரு, வடிவு பார்த்துக்கறா" என்றார்.

பங்குனியில் ஒரு மரப்பட்டறையில் மூன்று பலகை வாங்கி வந்தார். நடுப்பலகையில் ஸ்பீக்கரை வைத்து, மற்ற இரண்டையும் கீல் போட்டு இறக்கைபோல் இணைத்தார். மடித்தால் கக்கத்தில் அடங்கும், விரித்தால் கதவளவு அகலம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையும் ரேடியோவையும் பேட்டரியையும் பட்டாபிராம் வரை ரயிலில் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு ஆளை வைத்துத் தூக்கிக்கொண்டு நெமிலிச்சேரிக்கு நடந்தார்.

வடிவின் வீட்டு முற்றத்தில் தெருவே கூடிவிட்டது. வேப்பமரத்தடியில் கெங்கம்மாளின் கட்டில். கிறிஸ்துராஜ் பலகையை விரித்து நிறுத்திப் பாட்டு போட்டார். வெட்டவெளியில் சத்தம் நாலாபக்கமும் ஓடிவிட்டது. மிருதங்கம் தேங்காய் ஓட்டில் தட்டுவதுபோல் கேட்டது. கூட்டத்துக்கு அதுவே ஆச்சரியம். கெங்கம்மாள் மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"உள்ள வெச்சிப் பாக்கறேன்" என்றார் அவர். ஆட்களை விட்டுக் கட்டிலை அறைக்குள் மாற்றச் சொன்னார். மூலைச் சுவரை ஒட்டி, இறக்கைகளைச் சற்றே மடக்கி, ஒரு சாண் முன்னால், அரைச் சாண் பின்னால் என்று நகர்த்தினார்.

"வந்துடுச்சி" என்றாள்.

வடிவு காப்பித்தண்ணி கொடுத்தாள். "யாருக்கா இவரு?" என்று கேட்டாள். கெங்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "ஊட்ல குடி இருக்கறவரு" என்றாள். அதைவிடச் சரியாக வேறெதுவும் அவருக்கும் தெரியவில்லை. கதவு நடுவில் இருந்தபோது மணிக்கணக்கில் பேசியவர்கள், எதிரெதிரே ஒரு வார்த்தைக்குத் திண்டாடினார்கள். அவர் அவள் காலடியில் கிடந்த பாயைப் பார்த்தார், அவள் கூரையைப் பார்த்தாள்.

வண்டிக்கு நேரமாயிற்று. பலகையை மடிக்கப் போனவர் நிறுத்திவிட்டார்.

"இது இங்கியே இருக்கட்டும்."

"உங்களுக்கு?"

"பேட்டரி தீர்ந்துபோகும். ஆவடியில சார்ஜ் பண்ற எடம் தெரியும். வந்து மாத்திக் குடுத்துடறேன்."

பட்டாபிராமுக்குக் கையை வீசிக்கொண்டு நடந்தார். அம்பத்தூரில் இறங்கி வீட்டைத் திறந்து, விளக்கேற்றி, சோறு வடித்தார். கதவில் இருந்த ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தார். அதன் பிறகு சாயங்காலங்களில் அந்த வீட்டில் பல்லி சத்தமும் கடைசி வண்டியின் சத்தமும்தான். பழகிக்கொள்ள வெகுநாள் ஆயிற்று. முழுக்கப் பழகவில்லை என்றும் சொல்லலாம்.

பேட்டரி இறங்கும் சமயம் பார்த்து நெமிலிச்சேரிக்குப் போவார். மாற்றிவிட்டு, கட்டிலருகே நின்று, "நல்லாக் கேக்குதா?" என்பார்.

"கேக்குது" என்பாள் கெங்கம்மாள்.

குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தீர்ந்த பேட்டரியை எடுத்துக்கொண்டு அவர் ஸ்டேஷனுக்கு நடப்பார்.